இரண்டு உதைகள்

ஒரு மனிதனின் செயலை அதன் விளைவைக் கொண்டு அளப்பதா, அதற்குப் பின்னால் நின்ற உள்ளத்தையும் உழைப்பையும் கொண்டு அளப்பதா? கேள்வி மிகப் பழையது. நாம் இதனை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணமாயிருப்பது, அமெரிக்க நாட்டுக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் திடலில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிர்வருவோரை மோதி வீழ்த்துவதுமே அதன் பெரும்பகுதி. காலால் உதைப்பது அரிது. அந்த அரிய வேலைக்கென்றே அணியில் ஒருவர் இருப்பார். பந்தை எல்லைக்குக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அதன்பின் அதை இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 1. எல்லையை எட்ட இயலாதபோது, தொலைவிலிருந்தே உதைத்து, 10 அடி உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தைக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் 3. ஒருவர் குனிந்து பந்தைப் பின்னோக்கி அனுப்ப, இன்னொருவர் மண்டியிட்டு அதைப் பிடித்து நிறுத்த, உதையாளர் உதைக்கிறார். எல்லாம் ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடும். மற்றவர்கள் மண்ணிலும் வியர்வையிலும் புரள, இவரோ மடிப்புக் குலையாத உடையுடன் ஓரத்தில் காத்து நிற்பார். பகல் முழுதும் வெயிலில் உழைத்தவர்கள், கடைசி மணி நேரத்தில் வந்து அதே கூலி பெற்றவர்களைக் கண்டு முணுமுணுத்த திராட்சைத் தோட்டம் நமக்கு நினைவுக்கு வருகிறது.

ரெஜி ஹோ அவ்வாறு காத்து நின்றவர். ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த, சீன வம்சாவளி இளைஞர். உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 135 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 61 கிலோ. இந்தியானா மாநிலத்தில், திருச்சிலுவைச் சபையின் எட்வர்டு சொரின் அடிகளார் 1842இல் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், மருத்துவப் படிப்புக்காகத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். விளையாட்டுக்கான உதவித்தொகை ஏதும் பெறாமல் தாமே முன்வந்து அணியில் சேர்ந்தவர். புத்தகமும் தாமுமாகவே நாட்கள் கழிகின்றன, இன்னும் நிறைவான மனிதராக வேண்டும் என்ற எண்ணமே அவரைத் திடலுக்கு இழுத்தது. (படிப்பு கெடும் என்று பிள்ளைகளைத் திடலிலிருந்து அழைத்து வந்துவிடும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.)

1988 செப்டம்பர் 10 அன்று இரவு, மிச்சிகன் பல்கலைக்கழக அணி அங்கே ஆட வந்தது. நோட்டர் டேம் அணியின் ரிக்கி வாட்டர்ஸ் 81 கஜம் ஓடி ஒரு முறை எல்லையைத் தொட்டார். அது நீங்கலாக, அவ்வணி பெற்ற புள்ளிகள் யாவும் ஹோவின் காலிலிருந்து வந்தவையே. பிற்பகுதியில் மிச்சிகனின் உதையாளர் மைக் ஜில்லெட், 49 கஜத் தொலைவிலிருந்து உதைத்துத் தம் அணியை 17-16 என முன்னிறுத்தினார். ஆட்டம் முடிய 1 நிமிடம் 13 வினாடிகள் இருந்தபோது ஹோ தம் நான்காவது வெற்றி உதையை 26 கஜத்திலிருந்து செலுத்தினார்; 19-17. கடைசி வினாடிகளில் ஜில்லெட் மீண்டும் வந்தார். 48 கஜம். பந்து சற்றே விலகிச் சென்றது.

அப்பல்கலைக்கழக நூலகத்தின் சுவரில், இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் கிறிஸ்துவின் மாபெரும் உருவம் 1964 முதல் இருந்து வருகிறது. திடலிலிருந்து பார்த்தால் தெரியும். உதை வெற்றி பெற்றால் நடுவரும் அவ்வாறே இரு கைகளையும் உயர்த்துவார். எனவே இரசிகர்கள் அவ்வுருவத்துக்கு விளையாட்டுச் சொல்லொன்றைச் சேர்த்து வேடிக்கைப் பெயர் இட்டுள்ளனர். அந்த இரவில் நடுவரின் கைகள் ஒருவருக்கு உயர்ந்தன, மற்றவருக்கு உயரவில்லை. சுவரில் இருந்த கைகளோ இருவருக்கும் ஒரே நிலையில்தான் இருந்தன.

49 கஜத்தில் வென்ற கால் 48 கஜத்தில் தவறியது. முன்னதில் இருந்த உழைப்பு பின்னதில் இல்லாமற் போயிற்றா? இன்னொன்றும் உண்டு. 1988இல் கல்லூரி ஆட்டங்களில் கம்பங்களின் இடைவெளி 23 அடி 4 அங்குலம். 1991இல் அதனை 18 அடி 6 அங்குலமாகக் குறுக்கினர். முந்தைய ஆண்டு ஆரவாரம் பெற்ற அதே உதை, மறு ஆண்டு ஏளனம் பெறக்கூடும். நம் கையில் இல்லாதவற்றுக்காக நாம் புகழப்படுவதும் பழிக்கப்படுவதும் முறையா என்று 1976இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் மெய்யியலார் இருவர் வினவினர்.

அவர்களுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித தோமாஸ் அக்குவினாஸ் இதைத் தொட்டிருக்கிறார். முன்கூட்டியே அறிந்த விளைவும், செயலின் இயல்பிலிருந்தே பிறக்கும் விளைவும் அச்செயலின் நன்மை தீமையைக் கூட்டும். தற்செயலாக, அரிதாக நேரும் விளைவோ கூட்டாது, குறைக்காது என்பது அவர் தீர்ப்பு. பிச்சை பெற்றவன் அதைத் தவறாகச் செலவிட்டால், இட்டவனின் அறம் குன்றுவதில்லை.

ஆயினும் இத்துடன் அமைதி கொள்ள நம்மால் இயலவில்லை. "நாம் முயன்றோம், அது போதும்" என்பது சோம்பலுக்கும் ஏற்ற போர்வை. நோயுற்றவரின் குடும்பத்தார், மருத்துவர் எவ்வளவு முயன்றார் என்று கேட்பதற்கு முன், நோயாளி பிழைத்தாரா என்றுதான் கேட்கின்றனர். அவ்வாறு கேட்பது குற்றமும் அன்று. விளைவு ஒரு பொருட்டே இல்லையெனில், உதையாளர் நாள்தோறும் நூறுமுறை உதைத்துப் பழகுவது எதற்காக?

தாலந்து உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐந்து பெற்றவன் ஐந்தும், இரண்டு பெற்றவன் இரண்டும் ஈட்டினார்கள். தலைவர் பாராட்டிய சொற்களோ இருவருக்கும் ஒன்றே. புதைத்து வைத்தவன் கடிந்துகொள்ளப்பட்டான். ஆனால் துணிந்து வணிகம் செய்து, நட்டப்பட்டு, வெறுங்கையோடு திரும்பிய நான்காம் ஊழியன் ஒருவன் அவ்வுவமையில் இல்லை. அவனிடம் தலைவர் என்ன சொல்லியிருப்பார்? ஆண்டவர் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டார். புதைத்தவன்மீது தலைவர் சினந்தது அவன் இழந்ததற்காக அன்று, அஞ்சியதற்காக என்பதை நோக்கின், அந்த நான்காமவனுக்கும் வீட்டிற்குள் இடமிருந்திருக்கும் என்று எண்ணவே நாம் துணிகிறோம். தேர்வில் தவறிய பிள்ளை வாசற்படியில் நிற்கும்போது, நம்மில் எத்தனை பேர் அத்தலைவரைப் போல் கணக்குப் பார்க்கிறோம் என்பது வேறு.

நோட்டர் டேம் அணி அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களையும் வென்று நாட்டின் முதன்மை அணியாயிற்று. அக்டோபரில் மயாமி அணியை 31-30 என ஒரே புள்ளியில் வென்றபோது, ஹோ உதைத்த ஒற்றைப் புள்ளிகள் நான்கு. அவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும் கதை வேறாகியிருக்கும். அவற்றை நினைவில் வைத்திருப்போர் சிலரே. பின்னர் அவர் மருத்துவம் பயின்று, இதயத் துடிப்பின் கோளாறுகளைச் சீர்செய்யும் மருத்துவரானார்.

ஜில்லெட்டோ அந்த இரவுக்குப் பத்து வாரங்கள் கழித்து, நவம்பரில் ஒஹையோ மாநில அணிக்கு எதிராக 56 கஜத்திலிருந்து உதைத்து வென்றார். மிச்சிகன் அணியின் வரலாற்றில் அதுவரை எவரும் அத்தொலைவிலிருந்து வென்றதில்லை. 48 கஜத்தில் தவறியவரை 56 கஜத்துக்கு அனுப்பியவர் அவருடைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர்.