கறை கழுவும் அழுக்கு

அழுக்கை அழுக்கால் கழுவ முடியுமா என்பது சைவ சித்தாந்தம் தனக்குத் தானே எழுப்பிக்கொண்ட கேள்விகளுள் ஒன்று. உயிரைத் தொன்றுதொட்டு மறைத்து நிற்கும் ஆணவ மலத்தைப் போக்க, தானும் ஒரு மலமாகிய மாயையை, அதாவது உடலும் கருவிகளும் உலகுமாக விரியும் மூலப்பொருளை, இறைவன் ஏன் கையாளுகிறான் என்ற ஐயத்துக்கு, 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், சாணியும் உவர்மண்ணும் ஏற்றித் துணி வெளுக்கும் சலவை முறையையே விடையாகக் காட்டுகிறார். இது ஏட்டில் மட்டும் வாழ்ந்த உவமையன்று. 1613இல் டச்சுக்காரர் கெல்திரியா கோட்டையைக் கட்டித் துணி வாணிபம் நடத்திய பழவேற்காடு அமைந்த சோழமண்டலக் கரையில், சாயத்துணி வெளுக்கச் சாணக் கரைசல் உண்மையிலேயே பயன்பட்டது.

பழவேற்காட்டுக்கு மேற்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை அலுவலகம் ஒன்றின் தரைவிரிப்பில் பால்பாயின்ட் பேனாவின் மை கசிந்தாலும், ஒன்றை ஏற்றி இன்னொன்றைப் போக்கும் நியாயம் அதுவே. அந்த மை தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டில் கரையும்; ஆகவே வெள்ளைப் பருத்தித் துணியை அதில் நனைத்து, தேய்க்காமல், கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க, துணி நீலமாகும், விரிப்பு தெளியும். பிறகு போடும் சோப்பையும் நீரால் எடுத்துவிடாவிட்டால், அது புழுதியைப் பிடித்துத் தானே கறையாகும். மாயையும் அப்படி வேலை முடிந்ததும் விலக வேண்டிய பொருள்தான்.

மை அழியவில்லை, இடம் மாறியது என்பது கவனிக்கத்தக்கது. ஆணவமும் முத்தியில் அழிவதில்லை, ஆற்றல் அடங்கிக் கிடக்கிறது என்றே சித்தாந்திகள் கொள்வர். ஆயினும் மை வந்தேறி. ஆணவமோ செம்பில் களிம்புபோல உடன்பிறந்தது. சலவை உவமை நீக்கும் முறையைச் சொல்கிறதேயன்றிக் கறையின் தோற்றத்தைச் சொல்வதில்லை.