இனாமாகக் கிடைத்த நிழல்

நேற்று வரை இனாமாகக் கிடைத்து வந்த ஒன்றுக்கு இன்று விலை கேட்டால் அஃது அநியாயமா? கேட்ட மாத்திரத்தில் "ஆம்" என்றே சொல்லத் தோன்றும். நானும் பல காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். வேலைக்கு வருகிறவன் தன் மோட்டார் வண்டியை வேலைத்தலத்தில் நிறுத்துகிறான். அவன் வருவது முதலாளியின் காரியத்துக்காக. அவனிடமே அதற்குப் பணம் கேட்பது, விருந்துக்கு அழைத்துவிட்டு இலைக்குக் காசு கேட்பது போன்றதன்றோ என்பது என் வாதம். அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பதைச் சில மாதங்களாகத்தான் உணர்ந்து வருகிறேன். விருந்துக்கு வந்த அனைவருக்கும் இலை போடப்படுகிறதா என்று நான் அதுவரை கேட்டுப் பார்க்கவில்லை.

அண்டை நாட்டிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியர்கள் பல்லாண்டுகளாகத் தங்கள் கார்களைப் பள்ளி வளாகத்திலேயே கட்டணமின்றி நிறுத்தி வந்தனர். 2015ஆம் ஆண்டில் வெளியான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, கல்வி நிலையங்கள் சில தக்க கட்டணம் வாங்காமல் இடம் கொடுத்து வருவது மறைமுகமாக மானியம் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்று குறித்தது. அதன் பின்னர் 2018 ஏப்ரலில் கல்வி அமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பள்ளியில் கார் நிறுத்தும் ஊழியர்கள் ஆண்டுக்குத் திறந்தவெளி இடமாயின் 720 வெள்ளியும், கூரையுள்ள இடமாயின் 960 வெள்ளியும் செலுத்த வேண்டும் என்பது உத்தரவு. மறைவான சலுகை எதுவும் கலவாத ஊதியமே அரசு ஊழியருக்கு உரியது என்ற கொள்கையை ஒட்டியது இது.

இதனால் எழுந்த மனக்கசப்பு சிறிதன்று. ஆசிரியர்களுக்காகப் பேசியவர்கள் பணத்தைவிட மரியாதையையே பெரிதாகப் பேசினர். ஆசிரியர் மாலை வரை பள்ளியில் தங்குகிறார்; திருத்த வேண்டிய ஏடுகளை வீட்டுக்குச் சுமந்து செல்கிறார்; ஏழை மாணவனுக்குத் தம் கைப்பணத்தில் எழுதுகோல் வாங்கித் தருகிறார். இவற்றுக்கெல்லாம் அவர் கணக்குக் கேட்டதுண்டா? அவர் கேளாதபோது அவருடைய வண்டி நிற்கும் சிறு இடத்துக்கு மட்டும் அரசாங்கம் கணக்குப் பார்க்கலாமா? என் சகோதரி ஓர் ஆசிரியை. ஆகையால் இக்கேள்வியின் நியாயம் எனக்கு நன்கு விளங்கும்.

எனினும் நிதானித்து நோக்குங்கள். பேருந்தில் வரும் ஆசிரியர் எழுதுகோல் வாங்கித் தருவதில்லையா? ரயிலில் வரும் ஆசிரியை மாலை வரை தங்குவதில்லையா? அவர்களுக்கு அந்த நன்றிக்கடன் எவ்வழியில் செலுத்தப்பட்டது? ஒரே உழைப்பு, ஒரே தியாகம். ஆனால் கார் வைத்திருப்பவருக்கு மட்டும் அதற்குப் பிரதிபலன். கார் வாங்கும் உரிமைப் பத்திரம் ஒன்றே லட்சம் வெள்ளியைத் தாண்டி ஏலம் போகின்ற ஊர் அது; பெரும்பான்மையான குடும்பங்களிடம் கார் கிடையாது. அங்கே, வசதி உள்ளவருக்கு மாத்திரம் கிட்டுகிற ஒரு மரியாதையை ஆசிரியர் குலம் முழுவதற்கும் செய்த மரியாதை என்று எவ்வாறு சொல்வது? கேளாமல் செய்த வேலைக்குக் கூலி வேண்டுமென்றால் அதைச் சம்பளமாகக் கேட்க வேண்டும். அப்போது அது நடந்து வருபவருக்கும் கிடைக்கும்.

நிற்க. இடம் என்பதும் சும்மா கிடைக்கும் பொருளன்று. சிங்கப்பூர் விதிப்படி ஒரு காரை நிறுத்தும் கட்டத்தின் அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். ஏறக்குறைய 124 சதுர அடி. வண்டி உள்ளே வரவும் திரும்பவும் வேண்டிய பாதை இதில் சேராது. என் பாட்டனார் பால்வெட்டுக் காலத்தில் மனைவி மக்களுடன் குடியிருந்த லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. இவ்விரு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது என் பேனா சற்று நின்றது. அந்த அறைக்குத் தோட்டத்தார் காட்டிய பெருந்தன்மையை அவர் சாகும்வரை நன்றியோடு பேசினார். இனாம் என்பது கொடுப்பவனை உயர்த்தி வாங்குபவனைக் குனிய வைக்கும் வித்தை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தும் வேறு வழி இல்லாதிருந்தார் என்று சொல்வதே பொருத்தம்.

இனி, கட்டணம் வாங்குவதே நீதி என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்பது காகிதத்தில் சமத்துவம், சட்டைப்பையில் அன்று. மானேஜருக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. அலுவலகப் பையனுக்கு அது சில நாட் சம்பளம். மேலும், வேறு வழியே இல்லாதவனிடம் வாங்கும் கட்டணம் விலையாகாது, தண்டமாகும். எங்கள் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு ஐந்து மைல் செம்மண் பாதை. அதில் பேருந்து கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் "வண்டியில் வராதே, வந்தால் காசு கொடு" என்பது ஒருவனுடைய வீடு தூரத்தில் இருப்பதற்காக அவனுக்கு அபராதம் விதிப்பதாகும். இரவு வேலை பார்க்கும் தாதியர் நிலையும் அத்தகையதே. இங்கிலாந்தில் கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச்சில், ஆஸ்பத்திரி ஊழியருக்கு நிறுத்துமிடம் இலவசமாக்கப்பட்டது. வீதியில் நின்று ஜனங்கள் கைதட்டியதும் அந்நாட்களில்தான். 2022 மார்ச்சுடன் அந்த இலவசம் முடிந்தது. கைதட்டல் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. சலுகையின் ஆயுள் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது.

அதே இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரம் வேறு வழியை நாடியது. 2012 முதல், பதினோரு இடங்களும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகளிடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுக்கு 288 பவுன் நகரசபை வாங்கத் தொடங்கியது. இப்போது அது 500 பவுனைத் தாண்டிவிட்டது. கட்டணம் விதிக்கப்பட்டது முதலாளி மீது, தொழிலாளி மீதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய தொழிலகங்களுக்கும், தீயணைப்பு முதலிய அவசரப் பணிகளுக்கும், அங்கவீனர் வண்டிகளுக்கான இடங்களுக்கும் விலக்கு அளித்தனர். வந்த பணத்தைக் கஜானாவில் பூட்டி வைக்காமல் டிராம் பாதையை நீட்டுவதற்குச் செலவிட்டனர். புதிய பாதைகள் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. வண்டியில் வராதே என்று சொன்னவர்கள், வேறு எப்படி வருவது என்பதற்கும் விடை தந்தார்கள். ஆனால் டிராம் வருவதற்கு முன் மூன்று ஆண்டுகள் கட்டணம் மட்டும் வந்தது என்பதையும், முதலாளிகள் பலர் அதை அப்படியே ஊழியர் தலையில் இறக்கிவிட்டனர் என்பதையும் மறைக்கக் கூடாது. முதலாளியின் வரி இறங்கி வருகிற ஏணி எப்போதும் தொழிலாளியின் தோள்தான் போலும்!

எனக்கு எல்லாவற்றிலும் நியாயமாகத் தோன்றுவது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1992இல் இயற்றிய சட்டம். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை கொடுக்கும் ஒரு முதலாளி, நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுத்துத் தன் ஊழியருக்கு இலவசமாகக் கொடுத்தால், அவ்விடம் வேண்டாம் என்று சொல்லும் ஊழியருக்கு அந்த வாடகையைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எவரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. காரில் வருபவன் வரலாம். நடந்து வருபவன் அந்தத் தொகையை வீட்டுக்குக் கொண்டு போகலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இச்சட்டத்தைப் பின்பற்றிய எட்டுத் தொழிலகங்களை ஆராய்ந்து 1997இல் எழுதினார். முன்னே நூற்றுக்கு 76 பேர் தனியே காரோட்டி வந்தனர். பின்னே அது 63 ஆகக் குறைந்தது. ஒரே காரில் கூடி வருவோரும், பேருந்தில் வருவோரும், நடப்போரும் பெருகினர். எவரும் வற்புறுத்தவில்லை. இனாம் என்று எண்ணியிருந்ததன் விலை கையில் காசாகத் தெரிந்தவுடன் மனிதர் தாமாகவே யோசித்தார்கள்.

இச்சட்டத்தின் சிறப்பு கார்கள் குறைந்தது மட்டுமன்று. நிறுத்துமிடம் என்பது சம்பளத்தின் ஒரு பகுதியே என்றும், அப்பகுதி இதுவரை சிலருக்கு மட்டும் போய்க் கொண்டிருந்தது என்றும் அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. இடத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் முதலாளியை அது தொடவில்லை. பல்லாண்டுகள் அதை அமல் செய்வதில் அதிகாரிகள் அக்கறை காட்டவும் இல்லை. சட்டம் நல்லது, சோம்பல் அதைவிடப் பலமானது.

இவற்றையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து ஞானம் பெற்றேன் என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். முதலில் நடந்தது வேறு. எங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்தில் தகரக் கூரையிட்ட கொட்டகை ஒன்று உண்டு. ஆறு கார்கள் நிற்கலாம். மானேஜர், உதவி மானேஜர்கள், பெரிய கிராணியார், அடுத்து நான். செம்பனைக் காட்டில் குலை வெட்டும் இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் நடந்தோ லாரியிலோ வருகிறார்கள். மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் அதை வெயிலில் நிறுத்துகிறார்கள். ஒரு நாள் நல்ல மழை. ஆபீசைக் கூட்டித் துடைக்கும் அம்மாள், வேலை முடிந்து லயத்துக்குத் திரும்ப வழியில்லாமல் என் இடத்தில் ஒதுங்கி நின்றார். நான் வெளிவேலை முடிந்து காரில் வந்தேன். காவற்காரர் ஓடி வந்து, "ஐயா வண்டி வருது, தள்ளி நில்லுங்கக்கா" என்றார். நான் கண்ணாடியை இறக்கி, "நிற்கட்டும்" என்று சொல்வதற்குள் அந்த அம்மாள் மழையில் இறங்கிவிட்டார். "நீங்க நிறுத்துங்க ஐயா. நான் நனைஞ்சா காஞ்சிடுவேன், வண்டி துருப்பிடிச்சா காசு" என்று சிரித்தார். அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கொட்டகைக்குத் தகரம் வாங்கிய பற்றுச்சீட்டை எழுதியவன் நானே. "பொதுச் செலவு" என்ற தலைப்பில் பதிந்தேன். பொது என்றால் அதில் அந்த அம்மாளும் அடக்கம். ஆனால் நான் அதை எழுதிய அன்று அப்படி நினைக்கவில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பதிவு கற்பித்தார்கள். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சொன்னார்கள். அத்தலைப்புக்கு என்ன பொருள் என்று சொன்னார்களில்லை.

சென்ற மாதம் மானேஜரிடம் ஒரு யோசனையைச் சொன்னேன். கூரையின் கீழ் கார் நிறுத்தும் எங்களிடம், அவரவர் சம்பளத்துக்கு ஏற்றபடி மாதம் ஒரு சிறு தொகை பிடித்துக்கொள்ளட்டும். அதைக் கொண்டு ஆபீசிலிருந்து லயத்துக்கு மழை நாட்களில் வேன் ஓடட்டும். அல்லது, பிடிக்க வேண்டாமென்றால், கார் இல்லாதவர்களுக்கு அதற்கு ஈடான படி கொடுக்கட்டும். அவர் சிரித்து, "முதலில் உங்கள் கிராணிமார் சம்மதிக்கிறார்களா என்று கேட்டு வாருங்கள்" என்றார். கேட்டேன். ஒருவர் நான் தொழிற்சங்கத் தேர்தலுக்கு நிற்கப் போகிறேனா என்று விசாரித்தார். மற்றொருவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

விதி வரும்வரை என் வரையிலாவது செய்வோம் என்று, மழை மேகம் தெரிகிற நாட்களில் காரைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தத் தொடங்கினேன். இரண்டாம் நாளே புதிதாக வந்த இளங்கிராணி ஒருவர் தம் காரைக் கொண்டுவந்து என் இடத்தில் நிறுத்திவிட்டார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை; இடம் காலியாயிருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார். அந்த அம்மாள் இப்போதெல்லாம் ஆபீசுத் தாழ்வாரத்தின் ஓரத்தில், கூரைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் நிற்கிறார்.