பீங்கான் சில்லுகளும் ‘எனது’ என்னும் எண்ணமும்

மைசூரு அரண்மனையின் கல்யாண மண்டபத்தினுள் நுழைவோர் முதலில் அண்ணாந்து பார்க்கின்றனர். கிளாஸ்கோ நகரில் செய்யப்பட்ட வண்ணக் கண்ணாடிக் கூரையில் மயில்கள் தோகை விரித்து நிற்கின்றன. சற்றுக் கழித்தே பார்வை கீழே இறங்குகிறது. வண்ண ஓடுகள் பதித்த தரையிலும் அதே மயில் கோலம். காலணியை வெளியே விட்டு வந்த மக்களின் வெறுங்கால்கள் அதன்மீது நடந்துகொண்டே இருக்கின்றன. மரத்தாலான பழைய அரண்மனை 1897-இல், அரச குடும்பத்துத் திருமண வேளையில் தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் வகுத்த திட்டப்படி எழுந்த இன்றைய மாளிகை 1912-இல் நிறைவுற்றது. அதையும் இப்போது நிர்வகிப்பது மாநில அரசின் வாரியமே.

நிலையாது என்று அறிந்திருந்தும் மனிதன் தன் இருப்பிடத்தை ஏன் இத்தனை பாடுபட்டு அலங்கரிக்கிறான்? இல்லறத்தில் இருந்தவாறே சாதனை புரியும் அன்பர்களுக்கு இது வெறும் வாதமன்று. வீட்டை அழகு செய்வது பற்றை வளர்க்குமா? பற்றை விடுவதற்கு அழகையும் விட வேண்டுமா? அரசர்களுக்குப் பொருட்செல்வமும் வேலையாட்களும் இருந்தனர். அவர்களை வைத்து இதை முடிவு செய்ய இயலாது. தன் இரு கைகளையன்றி வேறொன்றும் இல்லாதவர்களைப் பார்ப்போம்.

பிரான்சு நாட்டின் ஷார்த்ர் நகரில் ரேமோன் இசிதோர் (1900–1964) என்பவர் வாழ்ந்தார். கல்லறைத் தோட்டத்தைப் பெருக்குவது அவர் தொழில். 1938-ஆம் ஆண்டளவில், வயல்வெளியில் மின்னிக் கிடந்த கண்ணாடி, பீங்கான் சில்லுகளை அவர் பொறுக்கி வரலானார். தாமே கட்டிய சிறு வீட்டின் சுவர்களில் அவற்றைப் பதித்தார். பின்னர் தரை, மேசை, கட்டில், அடுப்பு, மனைவியின் தையல் இயந்திரம் என எதையும் விடவில்லை. சிறு பிரார்த்தனைக் கூடம் ஒன்றும் எழுந்தது. ஊரார் அவருக்குப் ‘பிக்காசியெத்’ என்று பட்டப்பெயர் சூட்டினர். பிறர் வீட்டில் உண்டு திரிபவன் என்பது அதன் பொருள். ஓவியர் பிக்காசோவின் பெயரும் அதில் கேலியாக ஒலிக்கும்.

ஏளனத்தைப் பொருட்படுத்தாத இவ்வுழைப்பை உடனே கர்மயோகம் என்று போற்றத் தோன்றும். ஆனால் அவசரம் கூடாது. பிற்காலத்தில் அவர் மனநலம் குன்றியது. கட்டிலையும் அடுப்பையும்கூடச் சில்லுகள் மூடிக்கொண்ட வீட்டில் அந்த அம்மையார் எவ்வாறு குடித்தனம் நடத்தினார் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். பலனில் ஆசை இல்லாமல் போகலாம். செயலின்மீதே மோகம் மிகுந்துவிட்டால் அதுவும் பற்றுதான். வெளியிலிருந்து பார்க்கையில் தவமும் வெறியும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் மனிதன் உறக்கத்தை மறக்கிறான். பிறர் பேச்சைக் கேட்பதில்லை.

அவ்வாறாயின் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? கைப்பொருள் பறிபோகும் வேளையில் ஓரளவு புலப்படும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், தேசப் பிரிவினையால் ஊரிழந்து வந்தவர். புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் இடிபாடுகளிலிருந்து பீங்கான், ஓடு, வளையல் துண்டுகளைச் சேகரித்து, காட்டின் நடுவே சுவர்களையும் உருவங்களையும் அமைத்தார். நிலம் அவருடையதன்று; அரசுக்கு உரியது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் மறைவாகவே உழைத்தார். எந்த நாளும் அதிகாரிகள் கண்டு இடித்துத் தள்ளலாம் என்பதை அறிந்தே செய்தார். ‘எனது’ என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லாத இடத்தில் ஒருவர் இவ்வளவு அழகைப் படைத்திருக்கிறார்! அதிகாரிகள் கண்டபோது, நல்வாய்ப்பாக, இடிக்கவில்லை. 1976-இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

சோதனை பின்னரே வந்தது. 1990-இல் சாலைக்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை அகற்ற இயந்திரங்கள் வந்தபோது, நகர மக்களே குறுக்கே நின்று தடுத்தனர். 1996-இல் அவர் அயல்நாடு சென்றிருந்த வேளையில் பணியாளர்கள் விலக்கப்பட்டனர். விஷமிகள் பல உருவங்களை உடைத்தெறிந்தனர். குப்பையில் கிடந்த சில்லுகளால் உருவானவை மறுபடியும் சில்லுகளாயின. சில்லுகளைக் கொண்டு என்ன செய்வது என்பது அவருக்குப் புதிதன்று. மறு ஆண்டில் அவருக்கு உதவ ஓர் அறக்கட்டளை தோன்றியது. தொண்டர்கள் வந்து செப்பனிடும் பணியில் இணைந்தனர். 2015-இல், தமது 90-ஆம் வயதில், அவர் மறைந்தார். தோட்டத்தில் இன்றும் மக்கள் கூட்டம் குறையவில்லை.