பெருமைப்பட ஆள் உண்டு, படிக்க?

எஸ்.டி.பி.எம். முடித்த ஒரு தமிழ்ப் பிள்ளை, 'நான் பண்டைய நாகரிகம் படிக்கப் போறேன்' என்று சொன்னால் இங்கே ஜொகூரில் எந்த வீட்டிலும் வரும் முதல் கேள்வி, 'அதைப் படிச்சா யாரு வேலை கொடுப்பா?' அதே வீட்டில், அதே வாரம், ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்ற காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் முரண் என்று நமக்குத் தோன்றுவதேயில்லை.

வேலைக் கேள்வியை நான் கிண்டல் செய்யவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்து இரண்டு தலைமுறை ஆகாத குடும்பத்துக்குப் பட்டம் என்பது வீட்டுக்கடன், தம்பி தங்கை படிப்பு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பழம்பெருமை வேண்டும், அதைச் சரிபார்க்கிற ஆள் மட்டும் வேண்டாம் என்பது நியாயமா?

நம் மாநிலக் கதையையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து படையோடு வந்த ராஜா சூரான், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கெலாங்கியின் கருங்கல் கோட்டையை வென்றதாக 'செஜாரா மெலாயு' சொல்கிறது. அவன்தான் ராஜேந்திரன், அது 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பின் நினைவு என்று சிலர் கருதுகிறார்கள். 2005இல் ரைமி சே-ரோஸ் என்ற ஆய்வாளர், அந்தத் தொலைந்த நகரம் ஜொகூர்க் காட்டுக்குள் இருக்கலாம் என்றபோது நாடே பரபரத்தது. அடுத்த ஆண்டே பாரம்பரியத் துறை, தேடிப் பார்த்தும் நகரத்தின் தடயம் கிடைக்கவில்லை என்றது. முதல் செய்தி நம்மிடையே இன்னமும் ஓடுகிறது. இரண்டாவது ஓடவில்லை.

நான் பொறியாளன். மண் பரிசோதனையில் பாறை கிடைக்கவில்லை என்றால் அதையும் அறிக்கையில் எழுதியாக வேண்டும். ஆசைக்காகப் பாறை இருக்கு என்று எழுதினால் கட்டடம் சாயும். வரலாற்றில் எதுவும் உடனே சாய்வதில்லை. அதனால்தான் அங்கே பொய் சொல்வது சுலபமாக இருக்கிறது.

படித்தால் என்ன கிடைக்கும்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திரன் வென்ற இடங்களின் பட்டியலில் ஸ்ரீவிஜயமும் இருக்கிறது. அது ஒரு பேரரசின் பெயர் என்று 1918இல் நிறுவியவர் ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர். தமிழ்க் கல்வெட்டையும் சீனக் குறிப்புகளையும் பழைய மலாய்க் கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மறந்துபோன ஓர் அரசு, ஒருவர் உட்கார்ந்து படித்ததால் திரும்பி வந்தது.

படிப்பு பெருமையைக் கொஞ்சம் சிக்கலாக்கவும் செய்யும். ஸ்ரீவிஜய அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடையாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அவன் மகன் அதே அரசின்மேல் கப்பல்படை அனுப்பினான். நாம் இதில் எந்தப் பாதியைப் பகிர்கிறோம்? நம்மில் பெரும்பாலோரின் முப்பாட்டன் வந்தது ராஜேந்திரன் கப்பலில் இல்லை, கங்காணியோடு வந்த கப்பலில். அந்தக் கப்பலின் வரலாற்றைப் படிக்கவும் ஆள் குறைவுதான்.

எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. கெடாவின் சுங்கை பத்துவில் அகழாய்வு செய்தவர்கள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர். கதவு இருக்கிறது, உள்ளே போகிறவனின் பயத்தைத்தான் யாரும் பகிர்ந்துகொள்வதில்லை. பழமையால் பெருமைப்படுகிற சமூகம் அதன் செலவிலும் பங்கெடுக்க வேண்டும். ஒரு சங்கமோ கோயிலோ வருஷத்துக்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாம். ஒரே நிபந்தனை: அந்தப் பிள்ளை திரும்பி வந்து, 'கெலாங்கியில ஒண்ணும் கிடைக்கலைங்க' என்று சொன்னால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது.