பெட்டிக்குள் கூறைச்சேலை



சில மாதங்களுக்கு முன் கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் மகளும், அவர்களுடன் எழுபதைத் தாண்டிய ஆச்சியும் என்னைக் காண வந்தார்கள். மகளுக்கு டொரன்டோவிலுள்ள நம்மவர் பையன் ஒருவரை நிச்சயம் செய்திருந்தார்கள். பெண்ணை விசிட் வீசாவில் அனுப்பி, போன இடத்திலேயே கோவிலில் விவாகத்தை முடித்து, அங்கேயே இருத்திவிடுவது திட்டம். அதற்கு என்னிடம் கேட்டது ஒரு கடிதம். பெண் தன் சின்னம்மா வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறாள், தவறாமல் திரும்பி வருவாள் என்று குருவானவர் ஒருவர் எழுதித் தரவேண்டும்.

"பொய் இல்லீங்களே சாமி, சின்னம்மா அங்கதானே இருக்காங்க" என்றார் தாய்.

சின்னம்மா அங்கே இருப்பது மெய். அவர் வீட்டில் இறங்கப்போவதும் மெய். ஆனால் பெட்டிக்குள் கூறைச்சேலை இருக்கிறதே! அத்தோடு, அந்நாட்டுப் பங்குத்தந்தை இவர்களை மந்திரிக்குமுன் ஞானஸ்நானச் சான்றிதழும், இவள் மணமாகாதவள் என்ற அத்தாட்சியும் நம்மிடமிருந்து கேட்பார். ஆகவே 'திரும்பி வருவாள்' என்று ஸ்தானிகராலயத்துக்கு ஒரு கடிதம், 'மணஞ்செய்யத் தடையில்லை' என்று கோவிலுக்கு ஒரு கடிதம். இரண்டும் ஒரே மேசையில், ஒரே பேனாவால்.

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த நாளில் எங்களுக்குச் சிரிப்பூட்டிய பாடமொன்று இருந்தது. வாயால் பாதியைச் சொல்லி, மீதியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் அது பொய்யாகாது என்று முற்காலத்தில் சில ஆசிரியர்கள் கற்பித்தார்கள். "நான் அதைச் செய்யவில்லை" என்று உரக்கச் சொல்லி, "இன்றைக்கு" என்று உள்ளுக்குள் சேர்த்துக்கொள்வது அவர்கள் காட்டிய வழி. 1679இல் பாப்பரசர் 11ஆம் இன்னொசென்ட் இந்தப் போதனையைக் கண்டித்து விலக்கினார். கொழும்பு வீசா மேசையில் அந்தப் பழைய பாடம் உயிரோடு வந்து நிற்குமென்று அன்று நான் எண்ணவில்லை.

கேட்பவருக்கெல்லாம் எல்லாவற்றையும் சொல்லக் கடமையில்லை என்பது உண்மைதான். கொலைவெறியோடு வாசலில் நிற்பவனுக்கு உள்ளே ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்க எவரும் கடமைப்பட்டவரல்லர். வீசா அதிகாரி அத்தகையவரா? நாம்தாம் அவரிடம் போய் அனுமதி கேட்கிறோம். வெளியாரை எந்த நிபந்தனையோடு ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமை அரசுகளுக்கு உண்டு என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே எதற்காக வருகிறாய் என்று கேட்க அவருக்கு நியாயம் உண்டு. நமக்கும் மெய் சொல்லும் கடமை உண்டு.

இன்னொரு நிலையையும் சொல்லவேண்டும். உண்மையாகவே உறவினரைப் பார்க்கப் போன ஒரு பெண், அங்கே ஒருவரைக் கண்டு, மனமொத்து, அங்கேயே மணக்கத் தீர்மானித்தால் அதில் வஞ்சகம் ஏதுமில்லை. போகும்போது இல்லாத எண்ணத்தை அவள் எப்படி மறைத்திருக்க முடியும்?

மெய் சொன்னால் எல்லாக் கதவும் அடைபடும் என்று நம்மவர் நினைப்பதும் முழுச் சரியல்ல. நிரந்தரமாகக் குடியேறும் விருப்பம் இருப்பதனாலேயே ஒருவரைத் தற்காலிக விருந்தினராக ஏற்க மறுக்கவேண்டியதில்லை என்று கனடாவின் சட்டமே சொல்கிறது. காலம் முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரி நம்பவேண்டும், அவ்வளவே. பிரஜையை அல்லது நிரந்தர வதிவிட உரிமையுள்ளவரை அங்கே மணந்தவர் உள்ளிருந்தே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. பிரித்தானியா இதில் கடுமை. அங்கே போய் மணக்கவென்றே தனி வீசா இருக்கிறது. ஆனால் மணமுடித்ததும் வெளியேறவேண்டும், விருந்தினராக வந்தவர் உள்ளேயே இருந்து வாழ்க்கைத்துணை வீசாவுக்கு மாற இயலாது. பொய் வெளிப்பட்டால் கனடா ஐந்து ஆண்டு தடை விதிக்கிறது, பிரித்தானியா பத்தாண்டு வரை. தண்டனைக்குப் பயந்து மெய் பேசுவது உயர்ந்த புண்ணியமல்ல. எனினும் பெண்ணின் இளமையில் ஐந்து ஆண்டு என்பது என்னவென்று பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது, அதுவரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த ஆச்சி வாய் திறந்தார். "எங்க அண்ணனும் உள்ளத உள்ளபடிதான் ஃபாரத்துல எழுதிக் குடுத்தாரு சாமி. அவருக்கு அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம். கப்பலேறிப் போனவர அப்புறம் நான் பார்க்கவே இல்ல."

இளம் வாசகர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக இருந்த 975,000 மலையகத்தவரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். மந்தையைப் பிரிப்பதுபோல் பிரித்ததில் அண்ணன் தங்கை, பெற்றோர் பிள்ளை என்று குடும்பங்கள் கிழிந்தன. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர்கள் தாம் பிறந்த லயத்திலேயே, புறப்படும் நாள்வரை வீசாவோடு தங்கியிருக்கும் வெளிநாட்டவரானார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. போகாமல் எஞ்சியவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஆச்சியின் சொல்லுக்கு ஏற்ற பதில் என் புத்தகங்களில் இல்லை. குடியேறியோரின் குடும்பங்கள் இயன்றவரை விரைவில் ஒன்றுசேர உரிமையுண்டு என்று 1983இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம் சொல்கிறது. அதை அரசுகள் மதித்த லட்சணம் நமக்குத் தெரியும். 1979இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணமுடிக்க வந்தேன் என்று மெய் சொன்ன இந்தியப் பெண்ணொருவரை நம்பாமல், எழுதவும் கூசும் உடற்பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். பிறரை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? 2022 ஜனவரி 1 முதல், வெளிநாட்டவர் இலங்கையரை இங்கே மணக்கப் பாதுகாப்பு அமைச்சின் சான்று வேண்டுமென்று நமது பதிவாளர் நாயகமும் சுற்றறிக்கை விடுத்தார். காதலிப்பவரைக் குற்றவாளியாக எண்ணிக் கேள்வி கேட்கும் அரசு, பொய்யைத் தானே பயிரிடுகிறது. அதற்காகப் பொய் மெய்யாகிவிடாது. ஆனால் பயிரிட்டவனை விட்டுவிட்டு, லயத்திலிருந்து வந்த தாயை மட்டும் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் கேட்ட கடிதத்தை நான் எழுதவில்லை. பெண் நிச்சயிக்கப்பட்டவள், தன் வருங்காலக் கணவரையும் அவர் பெற்றோரையும் சந்திக்கப் போகிறாள் என்று எழுதித் தருவதாகச் சொன்னேன். அது வேண்டாமென்று தீர்மானித்தார்கள். வீசா விண்ணப்பம் அனுப்பப்படவேயில்லை. லீவு கிடைத்து மாப்பிள்ளை இங்கே வந்தார். ஓலை வாசித்து, பதிவும் செய்து, பெண்ணின் சொந்தக் கோவிலிலேயே மந்திரித்தோம். பன்னிரண்டாம் நாள் அவர் விமானமேறினார். துணைவிக்கான விண்ணப்பம் போயிருக்கிறது. பெண் தாய்வீட்டில் காத்திருக்கிறாள். ஆச்சியைப் பார்க்கும்போதெல்லாம் நலம் விசாரிக்கிறேன். அவரும் விசாரிக்கிறார். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.