ஈகையும் கடனும்

செல்வர்கள் கோல்ஃப் போட்டி நடத்தி, திரளும் தொகையை ஏழை இளைஞர் நலனுக்கு அளிப்பது உலகெங்கும் காணும் வழக்கம். பந்தடித்து, பரிசு பெற்று, விருந்துண்டு மகிழ்ந்தபின் எஞ்சுவது ஏழைக்கு. இது ஈகையா?

காணிக்கைப் பெட்டியில் இரு காசு இட்ட கைம்பெண்ணை நினைப்போர் 'இல்லை' என்பர். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லேன். பள்ளிக் கட்டணம் கிடைத்த மாணவனுக்கு, கொடுத்தவர் சிரித்துக் கொடுத்தாரா, அழுது கொடுத்தாரா என்பது பொருட்டன்று.

என் ஐயம் வேறு. ஏழைக்குக் கொடுப்பது நம் பொருளன்று, அவனுக்குரியதே என்று 4ஆம் நூற்றாண்டிலேயே புனித அம்புரோசியார் கற்பித்தார். 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் அதை நினைவூட்டினார். கொடைக்கானல் மலையில் கோல்ஃப் மன்றம் 1895இல் தோன்றியது; கல்வராயன் மலையிலோ ஜாகீர்தார்களின் ஆட்சி 1976இல்தான் நீங்கியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பின்னரே, உயர்நீதிமன்றம் அம்மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தது. சாலையும் பள்ளியும் அம்மலை இளைஞனுக்குரிய உரிமைகள். அவற்றை நன்கொடை என்று நீட்டினால் அவன் கைகூப்ப வேண்டியிருக்கிறது. கொடுத்த கடனைத் திரும்பப் பெறுகிறவன் எங்கேனும் கைகூப்புவானோ?

இன்னொன்று. போட்டி நாளில் பதினெட்டுக் குழிகளுக்கும் பையைச் சுமந்து பின்செல்பவனும் ஓர் ஏழை இளைஞனே. அவனது கூலி அன்று மாலைக்குள் கொடுக்கப்பட வேண்டும். அது நன்கொடைக் கணக்கில் சேராது.