தெரியாது என்று சொல்லலாமா?

எல்கடுவையிலிருந்து உக்குவளைக்கு இறங்கும் பாதையை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, தோட்டத்துச் சிற்றாலயத்தில் திருப்பலியை முடித்துக்கொண்டு எனது பழைய மொறிஸ் மைனர் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பூசைக்கு உதவி செய்த பையன் முன் ஆசனத்தில் அமர்ந்திருந்தான். பத்து வயதிருக்கும். அன்றுதான் அவன் அந்தக் காரில் முதன்முதலாக ஏறினான். உக்குவளையில் புகையிரதப் பாதையைக் கடந்தபோது திடீரென்று கேட்டான்: “ஃபாதர், கீழ யாரு தட்டுறது?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “ஒன்றுமில்லை” என்றேன். அடுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்போது எனக்கும் கேட்டது. இடப்பக்கத்து முன்சக்கரத்தின் உள்ளேயிருந்து, மரக்கதவில் விரலால் தட்டுவது போன்ற ஓசை. அது அன்று பிறந்த ஓசை அன்று. குறைந்தது ஒரு வருடமாக அங்கே இருந்தது. கேட்டுக் கேட்டு என் காது அதைக் கைவிட்டிருந்தது. கார் எப்போதும் இடப்பக்கம் சற்று இழுக்கும். என் கைகளும் என்னைக் கேட்காமலே ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தன.

மறுநாள் உக்குவளையில் ஒரு கராஜுக்குப் போனேன். 1976 முதல் பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீர் மலைக்கடியில் சுரங்கவழியாக வந்து மின்சாரமாகிச் சுதுகங்கையில் கலக்கும் ஊர் அது. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேலையை நம்பி வாழ்வது அவ்வூராருக்குப் புதிதல்ல. கராஜ்காரர் என்னைவிட மூத்தவர். ‘நானா’ என்றே நான் அழைப்பது வழக்கம். காரை ஜக் போட்டு உயர்த்தி, சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவே ஓர் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். அசையக்கூடாத இடம் அசைந்தது. “இங்க பாருங்க ஃபாதர், றப்பர் ஒண்டும் மிச்சமில்ல. இரும்பும் இரும்பும் அடிபடுது” என்றார். பிறகு, குற்றம் சொல்லாத குரலில், “இது நேத்து முந்தாநாள் வந்த பழுது இல்லையே” என்றும் சொன்னார்.

புஷ் என்று நாம் சொல்லும் பொருள் பெரியதொன்றன்று. இரும்புக் கை ஒன்று காரின் உடலோடு சேரும் மூட்டில், இரண்டு இரும்புக்கும் இடையே வைக்கும் றப்பர் வளையம். கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பாதையின் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு, சக்கரம் நேர்கோட்டில் நிற்கும்படி கையைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. அது தேய்வதை எவரும் பார்ப்பதில்லை. டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், விளக்கு அணைந்தால் பொலிஸ்காரருக்கும் தெரியும். புஷ் தேய்ந்தால் முதலில் ஓட்டுகிறவன் பழகிக்கொள்கிறான். பிறகு டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்கிறது. பிறகு பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் ஓடுகிறது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யார் நடந்து போகிறார்கள் என்பதைப் பொறுத்தது மற்றது.

வாசகர்களே, இதுவரை ஒரு கராஜ் கதைதான். நான் சொல்ல வந்த சங்கடம் இனித்தான் வருகிறது. அந்தக் காரை நான் விற்கப் பேசியிருந்தேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வராமல் இருந்ததும் எல்லாரும் அறிந்தது. அந்த ஐந்து வருடங்களில் நம் நாட்டில் பழைய கார்களுக்கு வந்த மதிப்பு, புதியவையாக இருந்தபோதுகூட அவற்றுக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம். மைனர் கார் வேறு சாதாரணமாகச் சாகிற சாதியன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பாத் நகரில் மைனர்களுக்கென்றே தொழில் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், புதிய கார் வாங்குவதைவிடப் பழையதைத் திருத்தித் திருத்தி வைத்திருப்பதே லாபம் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். பின்னர் 1990களில் இவற்றின் உதிரிப்பாகங்களை நமது இலங்கையிலேயே செய்விக்கவும் ஏற்பாடு செய்தார். ஆகவே என் காருக்கு ஆள் கிடைப்பது கடினமாக இருக்கவில்லை. மாத்தளையில் ஓர் ஆசிரியத் தம்பதியர், இரண்டு சிறுபிள்ளைகள் உள்ளவர்கள், விலை பேசி முடித்திருந்தார்கள். “ஃபாதர் வச்சிருந்த கார்தானே” என்று சொல்லி அவர்கள் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிவரவில்லை.

அந்தச் சில மாதங்களில் நான் ஏன் கராஜ் பக்கம் போகவில்லை? வேலை இருந்தது, உண்மை. ஆனால் வேலை எப்போதும் இருந்திருக்கிறது, முன்பெல்லாம் போயிருக்கிறேன். ‘பழுது இருக்கிறது, மறைத்து விற்போம்’ என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் எனக்கே பயமாக இருந்திருக்கும். நான் செய்தது அதைவிட நாசூக்கானது. கராஜுக்குப் போனால் ஏதாவது தெரிய வரும்; தெரிய வந்தால் சொல்ல வேண்டி வரும்; ஆகையால் போகவில்லை. அதையும் இவ்வளவு தெளிவாக எனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளமான இடங்களில் வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

விற்பவன் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்பது மிகப் பழைய வழக்கு. கி.மு. 44இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காகச் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வீடு வருகிறது. வெளிப்பார்வைக்கு நல்ல வீடு. படுக்கையறைகளில் பாம்பு வரும், மரங்கள் உளுத்தவை. உரிமையாளனைத் தவிர வேறெவருக்கும் தெரியாது. சொல்லாமல் விற்கலாமா? ஸ்தோயிக்க ஞானிகள் இருவர் இதில் மாறுபடுகிறார்கள். வாங்கும்படி அவன் யாரையும் வற்புறுத்தவில்லையே, பேசாதிருப்பது வஞ்சகமா என்கிறார் தியோஜெனிஸ். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம் என்கிறார் அந்திப்பாத்தர். சிசரோ தீர்ப்பு சொல்கிறார்: அவன் சொல்லியிருக்க வேண்டும். உரோமைச் சந்தைகளை மேற்பார்த்த அதிகாரிகளும், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் அவற்றின் குறைகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று கட்டளை வைத்திருந்தார்கள். மனிதனை விலைக்கு விற்ற சந்தையில் இவ்வளவு நேர்மை எதிர்பார்த்தார்கள் என்பது வேடிக்கையா வேதனையா தெரியவில்லை. ஆங்கிலேயரின் பழைய சட்ட வழக்கமோ, வாங்குகிறவனே கண் திறந்து வாங்கட்டும் என்பது. நம் கார்ச் சந்தை இன்றும் பெரும்பாலும் அந்த மனப்போக்கில்தான் நடக்கிறது.

புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில் இதை இன்னும் நுணுக்கமாக எடுத்துக்கொள்கிறார். (அதன் இலத்தீன் பெயர் ‘சும்மா’ என்று தொடங்கும். சும்மா கிடைப்பதல்ல என்று அம்பிட்டியக் குருமடத்தில் நாங்கள் சொல்லிக்கொள்வோம்.) ஒற்றைக்கண் குதிரையை விற்கிறவன், அதற்கேற்ப விலையைக் குறைத்திருந்தால், ‘இதற்கு ஒரு கண் இல்லை’ என்று கூவ வேண்டியதில்லை, வாங்குகிறவனுக்கே தெரிகிறது. ஆனால் குறை மறைவானதாகவும், வாங்குபவனுக்கு ஆபத்தோ நட்டமோ விளைவிப்பதாகவும் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். விற்றவனுக்கே அது தெரியாதிருந்தால்? பாவமில்லை என்கிறார். ஆனாலும் பின்னர் தெரிய வந்த அன்று, வாங்கியவனின் நட்டத்தை அவன் ஈடு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் புகுந்து ஒளிந்துகொள்கிறோம். ‘தெரியாது’ என்ற சொல் நல்ல குடை. அக்குவினாஸ் இன்னோரிடத்தில் அந்தக் குடையையும் பிடுங்கிவிடுகிறார். அறியாமை ஒரே மாதிரியானதல்ல. முயன்றாலும் அறிய முடியாதிருந்தது ஒன்று. அறிந்திருக்க வேண்டியதைச் சோம்பலால் விட்டது ஒன்று. அறிந்தால் தடையாகிவிடும், அல்லது சாக்கு இல்லாமல் போய்விடும் என்பதற்காகவே அறியாமல் இருந்துகொள்வது மற்றொன்று. இந்தக் கடைசி வகையை அவர் விருப்பத்தோடு செய்த செயலாகவே கணக்கிடுகிறார். வானொலியின் திருகை நான் திருப்பியது என் கையால்தானே.

மறுப்புகளும் உண்டு. நண்பர் ஒருவரிடம் சொன்னபோது சிரித்தார். “அறுபது வருடத்துக் காரை வாங்குகிறவனுக்குப் பழுது இருக்கும் என்று தெரியாதா? வயதுதான் ஒற்றைக்கண் குதிரை!” அதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். பெயின்ட் மங்கல், ஆசனக் கிழிசல், கதவடியில் துரு ஆகியவற்றை நான் பட்டியல் போட வேண்டியதில்லை. ஆனால் ‘ஏதோ பழுது இருக்கும்’ என்று பொதுவாகத் தெரிவது வேறு, ‘இந்தச் சக்கரம் பிரேக் பிடிக்கையில் திரும்பும்’ என்று தெரிவது வேறு. முதலாவதற்கு விலை குறைக்கலாம். இரண்டாவதற்குப் பிள்ளையைப் பின் ஆசனத்தில் ஏற்றமாட்டார்கள்.

வறுமை என்னும் மறுப்பு இன்னும் கனமானது. முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கிறவனிடம், தேய்ந்ததையெல்லாம் உடனே மாற்று என்று பிரசங்கம் வைக்க எனக்கு நாக்கு எழாது. 2022இன் எரிபொருள் வரிசைகளில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பாதையில் நடக்கிறவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. கார் என்னுடையது, உக்குவளைச் சந்தியில் வெள்ளைச் சீருடையோடு நிற்கும் பிள்ளைகள் என்னுடையவர்கள் அல்லர். 2007இல் வத்திக்கான் வெளியிட்ட பாதைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டியில் சாரதிகளுக்கென்று பத்துக் கட்டளைகள் உண்டு. அதன் முதலாவது நாம் எல்லாரும் அறிந்த ‘கொலை செய்யாதே’ என்பதே. பணம் இல்லாதவன் மெதுவாக ஓட்டலாம், மழையில் நிறுத்தி வைக்கலாம், ஏறுகிறவனிடம் சொல்லலாம். இவற்றுக்குச் செலவில்லை, தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

திருத்த வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புஷ் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து வர நான்கு நாள். நானா இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னார். நான் ஒரு பக்கம் போதுமே என்றேன். “ஒரு பக்கம் புதுசு, மத்தப் பக்கம் பழசு எண்டா கார் எந்தப் பக்கம் போறதெண்டு அதுக்கே தெரியாது” என்றார். பழைய புஷ்களை வெளியே எடுத்தபோது அவை ஊறிய பலாக்கொட்டை போல் வீங்கிப் பிசுபிசுத்தன. யாரோ எண்ணெய் அடித்திருக்கிறார்கள். கீச்சிடும் புஷ்ஷுக்கு எண்ணெய் அடித்தால் சில நாள் ஓசை அடங்கும்; ஆனால் இயற்கை றப்பருக்கு எஞ்சின் எண்ணெய் நஞ்சு. ஓசையை அடக்கிய மருந்தே றப்பரைத் தின்றுவிடும். யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது.

சக்கரம் காற்றில் தொங்கும்போது புஷ்ஷின் ஆணியை இறுக்கக்கூடாதாம். கார் தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் றப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். படுத்தபடியே அதைச் செய்து முடித்தார். சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டையும் பார்த்தார். மைனர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த மூட்டில் கிறீஸ் வற்றினால் அதன் திருகுப்பற்கள் தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சக்கரம் உள்ளே மடங்கிவிடும். என் காரில் கிறீஸ் வற்றித்தான் இருந்தது, பற்கள் தப்பியிருந்தன. பின்பக்க வில்களின் புஷ்களும் தேய்ந்திருப்பதாகக் காட்டினார். அதற்கு என்னிடம் அப்போது பணம் இருக்கவில்லை.

அந்த வாரமே மாத்தளைக்குப் போய் ஆசிரியரிடமும் அவர் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, எவ்வளவு காலமாக அந்த ஓசை இருந்தது, கடைசியில் அதைக் கேட்டவன் யார் என்பது வரை. பின்பக்க வேலைக்கு ஆகும் தொகையை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். ஆசிரியர், “பரவாயில்ல ஃபாதர், சொன்னதே பெரிசு” என்று கணக்கை எழுதத் தொடங்கினார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் புறப்பட்டார். வாசற்படியில் நின்று திரும்பிக் கேட்டார்:

“அப்ப இத்தன நாளும் தோட்டத்துப் பிள்ளைகள இதுலதானே ஃபாதர் ஏத்திக்கிட்டு எறங்கினீங்க?”

ஆசிரியர் எழுதுவதை நிறுத்தினார். ஆம் என்றேன்.